விஞ்ஞான வாரமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(மாரிகுப்பத்தில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில், செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாம் பேசுவது பாக்கித் தொகையைப் பற்றி, லைன் வீடுகளுக்குப் பட்டா கேட்பதைப் பற்றி, விடியற்காலை பெங்களூர் ரயிலில் நிற்கக்கூட இடமில்லாத அவதியைப் பற்றி. இன்று செயற்குழு வேறொரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி ஸ்தாபனம் ஆண்டுதோறும் தன் வாசலைப் பொதுமக்களுக்குத் திறக்கிறது. அதையொட்டிப் பல இடங்களில் விஞ்ஞான வாரம் என்று சொற்பொழிவுகளும் காட்சிகளும் நடக்கின்றன. அங்கே நாம் குடும்பத்தோடு போகவேண்டும் என்பதும், அப்படிப்பட்ட ஒரு வாரம் இந்தத் தங்கவயலிலேயே நடக்கவேண்டும் என்று கேட்கவேண்டும் என்பதும்தான் இன்றைய பொருள்.

"அது படித்தவர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு? பட்டா விஷயம் என்ன ஆயிற்று?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. பட்டா விஷயத்தை விட்டுவிடவில்லை. அதற்கு அடுத்த கூட்டம் இருக்கிறது. ஆனால் 'நமக்கு எதற்கு' என்ற கேள்விக்கு இன்றே பதில் சொல்லியாகவேண்டும்.

பிப்ரவரி 28 என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். 2001ஆம் ஆண்டு அந்தத் தேதியோடு பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளாக இறங்கிய கேஜ் அதோடு நின்றது. ஆனால் அதே பிப்ரவரி 28 இந்தியா முழுவதும் தேசிய விஞ்ஞான தினம். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன், 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் ஒளியைப் பற்றிய தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். அதன் நினைவாக 1987 முதல் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். ஒரே தேதி. நாட்டுக்கு விழா, நமக்குத் திதி. இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் இதுவரை நினைத்திருந்தோம். சம்பந்தம் உண்டு. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறோம்.

பெங்களூரில் இருப்பது இந்திய விஞ்ஞானக் கழகம். ஊரில் பழைய ஆட்கள் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்பார்கள். ஜாம்ஷெட்ஜி டாடாவின் கொடையில், 1909ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது மைசூர் சமஸ்தானம். அந்த சமஸ்தானத்தின் கஜானாவுக்கு அந்நாளில் எங்கிருந்து பணம் வந்தது? நிலவரி வந்தது, கலால் வந்தது. அவற்றோடு, ஜான் டெய்லர் கம்பெனி தோண்டிய இந்தத் தங்கத்துக்கான ராயல்டியும் வந்தது. சிவசமுத்திரத்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது 1902ல். பெங்களூர் நகரத் தெருக்களுக்கு அது போனது 1905ல்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. மின்சாரம் வந்தது கம்பெனியின் எஞ்சினுக்காகவே ஒழிய, நம் லைன் வீட்டு விளக்குக்காக அல்ல என்பதும் நமக்குத் தெரியும். அந்த ஸ்தாபனத்தின் வாசலில் நிற்கும்போது அந்நியர் போலக் கூனிக் குறுகி நிற்கவேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

அங்கே வழக்கமாக பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் வாரத்திலோ ஒரு சனிக்கிழமை 'திறந்த நாள்' என்று வைக்கிறார்கள். அன்று கட்டணம் இல்லை. யாரும் எந்தப் பட்டத்தையும் காட்டவேண்டியதில்லை. ஒவ்வோர் இலாகாவின் வாசலிலும் ஆராய்ச்சி மாணவர்கள் மேஜை போட்டு நின்று, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். உயர் மின்னழுத்தக் கூடத்தில் செயற்கையாக மின்னலை வரவழைத்துக் காட்டுகிறார்கள். விமானத்தின் இறக்கைமேல் காற்று எப்படி ஓடுகிறது என்று காற்றுச் சுரங்கத்தில் காட்டுகிறார்கள். போனமுறை நம் சங்கத்திலிருந்து சில குடும்பங்கள் போய்வந்தன. அந்த மின்னல் வெடித்தபோது கூட்டமெல்லாம் கைதட்டியது. நம்மோடு வந்த ஒரு பாட்டி மட்டும் பேரனை இழுத்து அணைத்துக்கொண்டு, "ஏர் பிளாஸ்ட் மாதிரி இருக்குதுப்பா" என்றார். பக்கத்திலிருந்த மாணவருக்கு அது புரியவில்லை. ஏர் பிளாஸ்ட் என்றால் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறை தானாக வெடிப்பது, அது வெடித்தால் இங்கே லைன் வீட்டில் பாத்திரம் உருளும், எந்த ஷிப்டில் யார் இருக்கிறார்கள் என்று பெண்கள் ஷாப்டை நோக்கி ஓடுவார்கள் என்று பாட்டி அவருக்கு விளக்கினார். அந்த மாணவர் சேலத்துப் பையன். கால்மணி நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். சொற்பொழிவு அன்று இரண்டு பக்கமும் நடந்தது என்று சொல்லலாம்.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம்.

1939ல் ஹோமி பாபா என்ற இளைஞர் அந்த பெங்களூர் ஸ்தாபனத்தில் வந்து சேர்ந்தார். ராமன் அப்போது அங்கே இருந்தார். வானத்திலிருந்து ஓயாமல் பூமியின்மேல் விழுந்துகொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்களை பாபா அங்கே ஆராய்ந்தார். 1945ல் அவர் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் முதலில் அந்த பெங்களூர் வளாகத்தில்தான் உருவானது. அதே ஆண்டில் பம்பாய்க்குப் போயிற்று. பெயர் குழப்பம் வரக்கூடாது: பெங்களூரில் இருப்பது ஒன்று, பம்பாய்க்குப் போனது இன்னொன்று, இரண்டிலும் டாடா பெயர் உண்டு. பம்பாய்க்குப் போன அந்த நிலையம்தான் 1951 முதல் நம் சுரங்கத்துக்குள் இறங்கியது.

ஏன் இறங்கியது? பிள்ளைகளே, உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். இப்படி நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே, நொடிக்கு ஒன்று என்ற கணக்கில், மியூவான் என்னும் துகள் வானத்திலிருந்து வந்து உங்கள் கையைத் துளைத்துக்கொண்டு போகிறது. வலிக்காது, தெரியாது. கூரை அதைத் தடுக்காது. மலையைப் போன்ற பாறை வேண்டும் அதைத் தடுக்க. ஆழம் போகப்போக அந்த மழை குறைந்துகொண்டே வரும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளந்தால் அந்தத் துகள்களின் பலம் தெரியும். அளக்க வேண்டுமானால் ஆழமான குழி வேண்டும். உலகத்தில் அப்படிப்பட்ட ஆழம் எங்கே இருந்தது? தென்னாப்பிரிக்காவில் இருந்தது, இங்கே சாம்பியன் ரீப்பில் இருந்தது. விஞ்ஞானிகள் தோண்டிய குழி அல்ல அது. தங்க ரேகை போன போக்கில், வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் பாட்டன், முப்பாட்டன் உடைத்துக்கொண்டே போன குழி. அடிமட்டங்களில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசுக்கும் மேலே.

முதலில் இறங்கியவர் பி. வி. ஸ்ரீகண்டன். பாபாவின் மாணவர், மைசூர்ப் பக்கத்துக்காரர். பிறகு எம். ஜி. கே. மேனன் முதலானோர் சேர்ந்தனர். 1960களின் தொடக்கத்தில் கருவியை இன்னும் கீழே, ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழம் வரை கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு மாதம் வைத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை. சாதாரண மனிதன் 'வேலை வீண்' என்று கருவியைக் கழற்றியிருப்பான். அவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் கொசுவின் ரீங்காரம் கேட்குமா? நடுநிசியில், கதவடைத்த வீட்டில் கேட்கும். பூமியின்மேல் காஸ்மிக் கதிர்களின் திருவிழாக் கூச்சல். இங்கே அடியில் நடுநிசி அமைதி. இந்த அமைதியில்தான் நியூட்ரினோ என்ற துகளைப் பிடிக்க முடியும் என்று கண்டார்கள். நியூட்ரினோ பாறைக்கு அஞ்சாது. பூமியின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விடும். மிக மிக அபூர்வமாக ஏதோ ஒன்று பாறையில் மோதும். மோதினால் ஒரு மியூவான் பிறக்கும். மேலிருந்து வருவதெல்லாம் பாறையில் அடங்கிவிட்டபடியால், பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால் அது நியூட்ரினோ பெற்ற பிள்ளை என்று அடையாளம் சொல்லலாம்.

பம்பாய் நிலையமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் கூட்டாக, சாம்பியன் ரீப்பின் ஹீத்கோட் ஷாப்ட் பக்கம் 7,600 அடி ஆழத்தில் கருவிகளை நிறுத்தின. 1965ல் பிடித்தார்கள். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைப் பிடித்த செய்தி உலகத்திலேயே முதன்முதலாக அச்சில் வந்தது அந்த ஆண்டு ஆகஸ்டு 15 அன்று, இந்தத் தங்கவயலிலிருந்து. இரண்டு வாரம் கழித்து, தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில் அமெரிக்கர் ரைன்ஸ் குழு பிடித்த செய்தி வந்தது. நேர்மையாகச் சொன்னால், அவர்கள் கருவியில் முதல் துகள் சில வாரம் முன்னதாகவே பதிவாகியிருந்தது. அச்சில் முந்தியது நாம். அது கிடக்கட்டும். கவனிக்கவேண்டியது வேறு. அந்த இரண்டு குழிகளையும் தோண்டியவர்கள் யார்? அங்கே மொசாம்பிக்கிலிருந்தும் லெசோத்தோவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த கறுப்பர்கள். இங்கே ஊர்த் தெருவில் நடக்க முடியாமல், நிலமில்லாமல், மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்த நம்மவர்கள். பிரபஞ்சத்தின் ரகசியம் கேட்க உலகம் காதை வைத்த இரண்டு இடங்களும் பஞ்சம் பிழைக்க வந்தவன் வெட்டிய இடங்கள்.

பிறகும் வேலை நடந்தது. அணுவின் உள்ளே இருக்கும் புரோட்டான் என்றைக்காவது அழியுமா என்று பார்ப்பதற்காக, 1980ல் 140 டன் இரும்பை அதே 7,600 அடியில் அடுக்கினார்கள். அதில் சுமார் 1,600 எண்ணு குழாய்கள். 1985ல் 260 டன்னில் இன்னொன்று. புரோட்டான் அழிவதுபோல் சில அடையாளங்கள் தெரிவதாக முதலில் இங்கிருந்து அறிவித்தார்கள். அமெரிக்க உப்புச் சுரங்கத்திலும் ஜப்பானியச் சுரங்கத்திலும் அதைவிடப் பெரிய கருவிகள் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. இன்றுவரை புரோட்டான் அழிந்ததை யாரும் கண்டதில்லை. அறிவித்ததை உலகம் சோதிப்பதும், சோதனையில் நிற்காததை ஒதுக்குவதும் விஞ்ஞானத்தில் அன்றாடம் நடப்பவை. 1990களின் தொடக்கத்தில், ஆழமான மட்டங்கள் கைவிடப்பட்டபோது, ஆராய்ச்சியும் முடிந்தது. நாற்பது ஆண்டுகள்.

தோழர்களே, 140 டன் இரும்பு தானாக 7,600 அடிக்கு இறங்குமா? ஒவ்வொரு தகடும் கேஜில்தான் இறங்கியது. கேஜுக்கு பெல் அடித்தது யார்? வைண்டிங் எஞ்சினை ஓட்டியது யார்? அந்தக் குகையைக் குடைந்து மேல்பாறை விழாமல் தாங்கு கொடுத்தது யார்? காற்றும் மின்சாரமும் நிற்காமல் பார்த்தது யார்? இந்தக் கூட்டத்திலேயே அந்த வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். "அடியிலே ஜப்பான்காரன் பெட்டி வெச்சிருந்தான்" என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. 1965ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆசிரியர்கள் பதினொரு பேர், மூன்று நாட்டவர். அவர்கள் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்தச் சூட்டில், அந்த அபாயத்தில் அவர்களும் இறங்கினார்கள், நம்மோடு ஒரே கேஜில் நின்றார்கள். ஆனால் இந்த வரலாற்றை பெங்களூரில் ஆங்கிலத்தில் கேட்கலாம், பம்பாயில் கேட்கலாம், ஒசாகாவில்கூடக் கேட்கலாம். ஆண்டர்சன்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தன் தாய்மொழியில் கேட்க முடியவேண்டாமா?

"நம் ஜனங்களுக்குச் சொற்பொழிவு கேட்கும் பொறுமை ஏது?" என்பார்கள் சிலர். இந்த ஊரின் சரித்திரம் தெரியாதவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1907ல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அதை ஆதரித்துப் படித்தவர்களில் முன்வரிசையில் நின்றது தங்கவயல். சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இதே மாரிகுப்பத்தில் இருந்தது. 1914ல் பண்டிதர் மறைந்தார். அந்த 'தமிழன்' இதழை 1926ல் மறுபடி உயிர்ப்பித்து நடத்தியவர் ஜி. அப்பாதுரையார், இதே கோலார் தங்கவயலிலிருந்து. பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வெளியிட்ட சித்தார்த்த புத்தகசாலையும் இங்கேதான் இருந்தது. அடியில் ஷிப்டு முடித்து, கைகால் கழுவி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து, சாதி எங்கிருந்து வந்தது, புத்தர் என்ன சொன்னார் என்று கேட்ட ஜனங்கள் நாம். கூலிக்காரனுக்கு அறிவு வேண்டும் என்று நமக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ராமன் மட்டும் என்ன? நோபல் பரிசு வாங்கிய மனிதர், பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று பேசினார். 1970ல் காந்தி பிறந்த நாளன்று பெங்களூரில் தன் ஸ்தாபனத்தில் கடைசிச் சொற்பொழிவு ஆற்றினார். அடுத்த மாதம் காலமானார். பொதுஜனத்திடம் பேசுவதைக் கௌரவக் குறைவாக அவர் நினைக்கவில்லை. 2022 பிப்ரவரி 22 முதல் 28 வரை நாடெங்கும் 75 இடங்களில் மத்திய அரசு விஞ்ஞான வாரம் நடத்தியது. சொற்பொழிவுகள் பல இந்திய மொழிகளிலும் இருந்தன. ஆகவே, அந்தந்த ஊர் மொழியில் ஒரு வாரம் நடத்துவது நடக்காத காரியமல்ல.

நடந்து காட்டிய ஓர் ஊரைச் சொல்கிறோம். அமெரிக்காவில் தென் டக்கோட்டா மாநிலத்தில் லீட் என்ற சிற்றூர். அங்கே ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். நம்முடையதைப்போலவே நூறாண்டுக்கு மேல் ஓடியது. அங்கும் 4,850 அடி ஆழத்தில் ரேமண்ட் டேவிஸ் என்ற விஞ்ஞானி, சலவைக் கடையில் துணி வெளுக்கப் பயன்படும் திரவத்தை ஒரு பெரிய தொட்டியில் நிரப்பி, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோவைப் பிடித்தார். 2002ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம்முடையது மூடிய அதே காலத்தில் அந்தச் சுரங்கத்திலும் தங்கம் எடுப்பது நின்றது. பம்புகளை நிறுத்தினார்கள், தண்ணீர் ஏறியது. இதுவரை இரண்டு ஊர்க் கதையும் ஒன்றுதான். பிறகு பிரிகிறது. அந்த மாநில அரசு பணம் போட்டது, ஒரு பணக்காரர் ஏழு கோடி டாலர் கொடுத்தார், 2008 முதல் தண்ணீரை இறைத்தார்கள், 2012ல் அடியில் பெரிய ஆய்வுக்கூடம் வந்தது. இன்று அந்த ஊரில் ஆண்டுக்கொரு தடவை 'நியூட்ரினோ நாள்' என்று விஞ்ஞானத் திருவிழா நடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊர் நாடகக் கொட்டகையில் சொற்பொழிவு. பழைய வைண்டிங் எஞ்சின் அறையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். தாத்தா ஓட்டிய எஞ்சினைப் பேத்தி பார்க்கிறாள்.

நம் ஷாப்டுகளில் நிற்கும் தண்ணீரையும் இறைத்துவிடுவார்கள், அடியில் ஆய்வுக்கூடம் திரும்ப வரும் என்று நாங்கள் உங்களுக்குக் கனவு விற்க வரவில்லை. அப்படிப்பட்ட பேச்சு இந்த ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் போதுமான அளவு கேட்டாகிவிட்டது. ஆனால் ஒரு கொட்டகையும், நாலு பேச்சாளரும், பழைய கருவியின் படங்களும் வேண்டுமானால், அதற்குத் தண்ணீர் இறைக்கவேண்டியதில்லை.

இன்னொரு ஊரையும் சொல்லவேண்டும்; அதுதான் நமக்கு அதிகம் உதவும். ஜப்பானில் கமியோகா சுரங்கம். அங்கே தொடங்கிய நியூட்ரினோ ஆராய்ச்சி 2002லும் 2015லும் நோபல் பரிசு வாங்கித் தந்தது. விஞ்ஞானப் புத்தகங்களில் அவ்வளவுதான் இருக்கும். அந்தச் சுரங்கம் துத்தநாகமும் ஈயமும் எடுத்த சுரங்கம். அதிலிருந்து ஆற்றில் கலந்த காட்மியம் வயலுக்குப் போய், நெல்லுக்குப் போய், சோற்றில் வந்தது. முக்கியமாகப் பெண்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள், எலும்பு நொறுங்கிப் படுத்தார்கள். இருமினாலே விலா எலும்பு முறியும். அந்த நோய்க்குப் பெயரே 'இதாய் இதாய்'. அவர்கள் மொழியில் 'வலிக்குது, வலிக்குது' என்று அர்த்தம். உள்ளூர் டாக்டர் ஹகினோ நோபொரு, காரணம் சுரங்கம்தான் என்று பிடிவாதமாகச் சொன்னார். 1968ல் அரசு ஒப்புக்கொண்டது. 1972ல் மேல்முறையீட்டிலும் ஜனங்கள் ஜெயித்தார்கள். நஷ்டஈட்டோடு அவர்கள் விட்டுவிடவில்லை. விஞ்ஞானிகளைக் கூட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்ச் சோதிக்கும் உரிமையைக் கம்பெனியிடம் எழுதி வாங்கினார்கள். ஆண்டுதோறும் ஊர்க்காரர்களும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து போய்ச் சோதிக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

தாய்மார்களே, நம் வீட்டு வாசலில் நின்றால் தெரிவது என்ன? சயனைட் மேடு. தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிய மலை. கோடைக்காற்றில் அந்த மாவு எங்கே வந்து படிகிறது என்று துணி உலர்த்தும் உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை, 13 மேடுகள் உள்ள சுமார் ஆயிரம் ஏக்கரில் அந்த மண்ணை மறுபடி எடுத்துத் தங்கம் பிரிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வேலை வரும் என்கிறார்கள். வரட்டும், வரவேற்போம். ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டு கெட்டிப்பட்ட மேட்டைக் கிளறினால் தூசி எவ்வளவு எழும்? அதில் சிலிக்கா எவ்வளவு? மழைநீர் எந்த ஓடைக்குப் போகும்? நம் கிணற்றில், நம் பிள்ளைகளின் மூச்சில் என்ன சேரும்? இதற்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நூறு கிலோமீட்டரில் இருக்கிறார்கள். மண்ணை, தண்ணீரை, பாறையை ஆராய்பவர்கள் அவர்கள்.

சிலிக்கோசிஸ் விஷயத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1940களில் இதே சுரங்கங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று நடந்தது. பரிசோதித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நுரையீரல் நோய் இருந்தது. வைத்திய உலகத்தில் அது பேர்பெற்ற ஆய்வு. லைன் வீட்டில் அதை 'டி.பி.' என்றும், 'குடியினால் வந்த இருமல்' என்றும் சொல்லிக்கொண்டு செத்தார்கள். நம் மார்புக்குள் இருந்த செய்தி இங்கிலாந்துப் பத்திரிகைக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. மேட்டைக் கிளறும் விஷயத்திலும் அப்படி ஆகக்கூடாது.

ஆகவே செயற்குழு ஒரு மனு எழுதியிருக்கிறது. தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்திடவேண்டும். கன்னடம் எதற்கு என்று கேட்காதீர்கள். இது கன்னட நாடு, பக்கத்து வீட்டுக்காரர் கன்னடர், தெலுங்கர், உருது பேசுபவர். தூசி மொழி பார்த்து விழுவதில்லை. மனுவில் கேட்டிருப்பது: அடுத்த பிப்ரவரி 28க்கு முந்திய ஒரு வாரம் தங்கவயலில் மாலைச் சொற்பொழிவு. ஒருநாள் அடியில் நடந்த நியூட்ரினோ ஆராய்ச்சி பற்றி, அதில் வேலை செய்தவர்களும் மேடையில் அமர. ஒருநாள் ஏர் பிளாஸ்ட் பற்றி; 1988ல் தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் நம் சாம்பியன் ரீப்பில்தான் தொடங்கப்பட்டது, அவர்களை அழைக்கிறோம். இரண்டு நாள் சயனைட் மேட்டைப் பற்றி, அதில் ஒருநாள் முழுக்கக் கேள்வி நேரம். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு, உதவித்தொகை விவரமும், வானத்தைத் தொலைநோக்கியில் காட்டுவதும். பேச்சு தமிழில் அல்லது கன்னடத்தில். ஆங்கிலத்தில்தான் முடியும் என்பவருக்கு மொழிபெயர்க்க நம் ஆசிரியத் தோழர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று சொல்லி வைக்கிறோம். மேட்டைப் பற்றிப் பேச வருபவர் நமக்குப் பிடித்ததைத்தான் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். 'அபாயம் நீங்கள் நினைக்கும் அளவு இல்லை' என்றும் சொல்லலாம், 'நினைப்பதைவிட அதிகம்' என்றும் சொல்லலாம். எப்படி அளந்தீர்கள், எங்கே அளந்தீர்கள், கோடையிலா மழையிலா என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஜனங்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், 2022ல் தமிழ்நாடு அரசே உச்சநீதிமன்றத்தில் மறுப்புத் தெரிவித்தது. யார் பக்கம் நியாயம் என்று இந்த மேடையில் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. திட்டம் முடிவான பிறகு விளக்கம் சொல்லப் போனால் ஊர் எப்படிக் கேட்கும் என்பதை மட்டும் அதில் பார்க்கிறோம். நம் மேட்டில் மண்வெட்டி விழுவதற்கு முன்னால் விளக்கம் வரட்டும்.

இனி பயண விஷயம். பெங்களூர் ஸ்தாபனத்தின் திறந்த நாள் தேதி அறிவித்ததும் சங்க அலுவலகப் பலகையில் எழுதிப் போடுவோம். மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் காலை முதல் ரயிலில் போய், மெஜஸ்டிக்கில் இறங்கி, அங்கிருந்து யஷ்வந்த்பூர் பக்கம் போகும் பஸ். ரயில் டிக்கெட் அவரவர் செலவு. அப்பா இல்லாத பிள்ளைகளுக்குச் சங்கம் போடும். சோறு கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் மறவாதீர்கள். வளாகம் பெரியது, நடை அதிகம், பெரியவர்கள் செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கேள்வி எழுதி வரவேண்டும்; தமிழில் எழுதினால் போதும். பெண்பிள்ளைகளை 'வேண்டாம்' என்று நிறுத்துகிறவர்கள் இருந்தால் நம் மாதர் குழுத் தோழியர் வீட்டுக்கே வருவார்கள், இப்போதே சொல்லிவிட்டோம்.

அடியில் வேலை செய்த பெரியவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஹீத்கோட் ஷாப்டில் அந்தக் கருவிகள் இறங்கியபோது வேலையில் இருந்தவர்கள், அந்தக் குகைக்குள் போய்ப் பார்த்தவர்கள், பழைய போட்டோ, ஷிப்டுச் சீட்டு, பாட்டரி லாம்பு என எது வைத்திருந்தாலும் செயலாளரிடம் சொல்லுங்கள். பொருளை நாங்கள் வாங்கிக்கொள்ள மாட்டோம். எழுதிக்கொண்டு, படமெடுத்துக்கொண்டு, உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். கையெழுத்துத் தாள் வாசல் பக்கத்து மேஜையில் இருக்கிறது. பேனா இரண்டுதான் இருக்கிறது, எழுதி முடித்தவர்கள் பையில் போட்டுக்கொண்டு போகாமல் அடுத்தவரிடம் கொடுங்கள்.